ஒரு சொல்லாற் பிளந்த சபை

சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் தன் உத்தியோக காலத்தில் எத்தனை பொய்களைச் சொல்லியிருப்பான் என்று கணக்கெடுத்தால் அது பெருங்கணக்காக முடியும். வேண்டுமென்று சொன்ன பொய்கள் அல்ல. தனக்கு முன் கற்பித்தவர் சொன்னதைத் தானும் சொல்லி, பாடநூலாசிரியர் சுருக்கியதைத் தானும் சுருக்கி, கதை அழகாயிருந்தால் ஆராயாது அதனை விரித்துரைத்துச் சேர்த்துக்கொண்ட பொய்கள். என் கணக்கில் முதலாவதாக நிற்பது மார்ட்டின் லூதரின் சம்மட்டி.

பல ஆண்டுகளுக்கு முன், குடாநாட்டுப் பாடசாலையொன்றில் ஐரோப்பிய மதச் சீர்திருத்தம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு கோயிற் கதவை வரைந்து, அதன்மேல் ஒரு தாளையும் நான்கு ஆணிகளையும் வரைந்திருந்தேன். பணம் கொடுத்தவனுக்குப் பாவத்தை மன்னித்து உரோமாபுரி சீட்டு எழுதிக் கொடுத்ததென்றும், அதனைப் பொறாத லூதர் 1517ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி சம்மட்டியைக் கையில் எடுத்தார் என்றும் நான் முழங்கிய வேளையில், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வருபவன், கத்தோலிக்கன்.

"சேர், காசுக்குப் பாவத்தை மன்னிச்சதெண்டு சொல்லுறது பிழை. அது பாவத்துக்கில்லை, தண்டனைக்கு எண்டு எங்கட சுவாமி சொன்னவர்."

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். "உங்கட சுவாமியே சோதினைத் தாள் திருத்துறவர்? இரு, இரு" என்று அவனை இருத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். நான் சைவன். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான வழக்கில் எனக்குக் கட்சி கிடையாது. ஆகையால் நான் நடுநிலையாளன் என்பது அக்காலத்தில் என் எண்ணம். அன்றிரவு ஏதோ உறுத்தலினால் நூல்களைப் புரட்டத் தொடங்கியவன், அந்தப் புரட்டலை இன்னும் முடித்தபாடில்லை. அவ்வாறு கற்றுக்கொண்டவற்றிற் சிலவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் அந்த மாணவன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். பாவத்தினால் வரும் குற்றம் வேறு, அதற்குரிய தண்டனை வேறு என்பது கத்தோலிக்க சபையின் கோட்பாடு. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்குக் குற்றம் நீங்குகிறது. ஆயினும் இவ்வுலகிலோ உத்தரிப்பு ஸ்தலத்திலோ தீர்க்கவேண்டிய தண்டனை எஞ்சி நிற்கிறது. அந்த எச்சத்தைக் குறைப்பதே 'பலன்' எனப்படுவது. கிறிஸ்துவும் அர்ச்சிஷ்டரும் ஈட்டிவைத்த புண்ணியம் ஒரு பொக்கிஷமாக இருக்கிறது, அதனைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் பாப்பரசருக்கு உண்டு என்பது அதன் அடிப்படை. நமது பாடநூல்கள் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று எழுதுவது, ஆகவே, பிழையான பெயரே. மாணவன் சரி, நான் பிழை.

ஆனால் ஏட்டிலுள்ள கோட்பாடு ஒன்று, சந்தையில் நடந்தது ஒன்று. இறந்தோரின் ஆன்மாக்களுக்கும் பலன் பெறலாம் என்று 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் விரித்தபின், தன் தாயும் தகப்பனும் நெருப்பிற் கிடந்து வேகிறார்கள் என்று எண்ணும் ஏழைக் குடியானவனின் மடிச்சீலைக்கு வழி திறந்துவிட்டது. இதன் உச்சத்தை 1510களில் ஜேர்மனி கண்டது. பிராண்டன்பேர்க் வமிசத்து அல்பிறெக்ற் என்னும் இளைஞர், மக்டபேர்க் அதிமேற்றிராணியாராக இருந்துகொண்டே, 1514இல் மைன்ஸ் அதிமேற்றிராணியாசனத்தையும் பெற்றார். ஒருவருக்கு இத்தனை ஆசனங்கள் சபைச் சட்டத்திற்கு மாறு. விதிவிலக்குப் பெற உரோமாபுரிக்குப் பெரும் பணம் கட்டவேண்டியிருந்தது. பணத்தைக் கடனாக ஈந்தது ஓக்ஸ்பேர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம். அக்கால ஐரோப்பாவின் பெரிய வட்டிக் கடைக்காரர். கடனைத் தீர்ப்பதெப்படி? அர்ச். இராயப்பர் தேவாலயத்தின் கட்டட வேலைக்கென்று பத்தாம் லெயோ பாப்பரசர் பலன் ஒன்றை அறிவித்தார். அதனை அல்பிறெக்றின் ஆள்புலத்தில் வழங்கி, வரும் பணத்திற் பாதி உரோமாபுரிக்கு, பாதி ஃபுக்கருக்கு என்று ஏற்பாடாயிற்று. காணிக்கைப் பெட்டி சென்ற இடமெல்லாம் வட்டிக் கடையின் கணக்கப்பிள்ளையும் கூடச் சென்றார். கொடுத்த குடியானவனுக்கு இந்தப் பாதிக்கணக்குத் தெரியாது. லூதருக்கும் அப்போது தெரியாது.

விற்கச் சென்றவர்களுள் பேர்பெற்றவர் தெற்செல் என்னும் டொமினிக்க சந்நியாசி. லூதர் வாழ்ந்த சக்ஸனிக்குள் அவர் காலடி வைக்கவில்லை. அந்நாட்டு அரசர் பிரெடறிக் அனுமதிக்கவில்லை. சீர்திருத்த உணர்ச்சியால் அன்று! அவரிடமே புனிதச் சின்னங்களின் பெருஞ் சேர்க்கை ஒன்று இருந்தது. 1520ஆம் ஆண்டளவில் அது 19,000ஐக் கடந்திருந்தது. அவற்றைத் தரிசித்தோர்க்கும் பலன் உண்டு. தன் கடைக்கு எதிரே இன்னொரு கடையை எவர் விரும்புவார்? எனினும் விற்றன்பேர்க் மக்கள் எல்லையைக் கடந்து போய்ச் சீட்டு வாங்கி வந்தார்கள். சீட்டைக் காட்டி, இனித் தாம் மனம் வருந்தத் தேவையில்லை என்றார்கள். அவர்கள் காட்டியது, அவ்வூர்க் கோயிலிற் பிரசங்கமும் செய்து, 1502இல் நிறுவப்பட்ட சிறிய சர்வகலாசாலையில் வேதாகமமும் கற்பித்துவந்த ஒகஸ்தீன் சபைத் துறவியிடம்.

லூதர் 1483இல் ஐஸ்லேபன் நகரிற் பிறந்தவர். செப்புச் சுரங்கத் தொழிலிலே கையூன்றி முன்னேறிய தந்தை, மகனைச் சட்டம் படிக்க அனுப்பினார். 1505ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வழியிலே இடிமழையில் அகப்பட்ட மகன், உயிர் தப்பினாற் சந்நியாசியாவேன் என்று அர்ச். அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டு, தந்தை சினக்க மடத்திற் புகுந்தார். விரதம், விழிப்பு, பாவசங்கீர்த்தனம் எதுவும் அவருக்கு அமைதி தரவில்லை. அவரை வாட்டியது ஒரு சொல் என்று சொன்னால் மிகையாகாது. உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் வரும் 'தேவநீதி' என்னும் சொல். இறைவன் நீதிபதியாயிருந்து பாவியைத் தண்டிக்கும் நீதி என்று அதற்குப் பொருள் கொண்டபோது, அந்த நிருபம் அவருக்கு நஞ்சாயிருந்தது. அது இறைவன் தான் வைத்துக்கொள்ளும் நீதியன்று, விசுவாசிக்கிறவனுக்குத் தானமாகக் கொடுக்கும் நீதி என்று பின்னர் உணர்ந்ததும், மோட்ச வாசல் திறந்தாற்போல் இருந்தது என்று முதுமையில் எழுதிவைத்தார். இலக்கணம் படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள். வழக்கு வேற்றுமையுருபின் பொருள் பற்றியது. அதன்மேல் ஒருவருடைய ஆன்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சொல் வழக்கும் உண்டு. கிறிஸ்து தமது போதனையைத் தொடங்கிய வாக்கியத்தை இலத்தீன் வேதாகமம் தந்த முறையில், 'தவஞ் செய்யுங்கள்' என்றும், குருவானவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றுங்கள் என்றும் பொருள் கொள்ள இடமிருந்தது. 1516இல் எறஸ்மஸ் கிரேக்க மூலத்தைப் புதிய இலத்தீன் பெயர்ப்போடும் குறிப்போடும் அச்சிட்டார். மூலத்திலுள்ள சொல் கிரியையைக் குறிப்பதன்று, மனத்தின் திருப்பத்தைக் குறிப்பது என்பது கற்றோர்க்கு வெளிச்சமாயிற்று. (நமது புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் உள்ள 'மனந்திரும்புதல்' என்ற அழகிய தொடர் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேராக அமைந்தது.) லூதரின் தொண்ணூற்றைந்து வசனங்களில் முதலாவது இதைப் பற்றியதே: விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. வாழ்வு முழுவதும் செய்யவேண்டியதை ஒருநாட் சீட்டு எவ்வாறு முடித்துவைக்கும்? மிகுதித் தொண்ணூற்று நான்கும் ஏறக்குறைய இதிலிருந்தே கிளைக்கின்றன.

சம்மட்டிக்கு வருவோம். 1517 ஒக்டோபர் 31இல் லூதர் செய்ததாக ஐயமின்றி அறியக்கிடப்பது, அதிமேற்றிராணியார் அல்பிறெக்றுக்கு மிகப் பணிவான கடிதமொன்று எழுதி, அதனுடன் தம் வசனங்களை இணைத்து அனுப்பியதே. அக்கடிதம் இன்றும் சுவீடன் தேசத்திற் பாதுகாக்கப்படுகிறது. கதவில் அறைந்ததாக லூதர் எங்கும் எழுதவில்லை. அச்செய்தியைப் பரவச்செய்தவர் அவருடைய நண்பர் மெலாங்தன். எழுதியது லூதர் இறந்தபின், 1546இல். மெலாங்தனோ 1518இலேதான் விற்றன்பேர்க்குக்கு வந்தவர். 1961இல் இஸர்லோ என்ற கத்தோலிக்க சரித்திராசிரியர், ஆணி அறைந்த நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று வாதிட்டார். 2006இல், லூதரின் உதவியாளர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பொன்று மீண்டும் வெளிச்சத்துக்கு வந்து, கோயிற் கதவுகளில் ஒட்டியதாகக் கூறுகிறது. அவரும் கண்ணாற் கண்டவர் அல்லர். சர்வகலாசாலை அறிவித்தல்களைக் கோயிற் கதவில் இடுவது அங்கு வழக்கமே. ஆகையால் நடந்திருக்கலாம். ஆனால் அது நம் பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒரு தாள் குத்துவது போன்ற காரியம், போர்முரசு அன்று. இலத்தீனில் எழுதிய தாளை எந்தக் குடியானவன் வாசித்திருப்பான்?

போர்முரசு ஒலித்தது அச்சுக்கூடத்தில். அவ்வாண்டு முடியுமுன்னரே லைப்சிக், நூரன்பேர்க், பாசல் ஆகிய நகரங்களில் வசனங்கள் அச்சாயின. 1518இல் லூதர் அவற்றின் சாரத்தை ஜேர்மன் மொழியில், இருபது சிறு பந்திகளில், ஒருவர் நின்றுகொண்டே வாசித்து முடிக்கக்கூடிய அளவில் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் அது இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. இலத்தீனை விட்டுத் தாய்மொழிக்குத் திரும்பிய அந்தச் சிறு பிரசுரத்தை, தொண்ணூற்றைந்து வசனங்களினும் பெரிய நிகழ்ச்சியாக நான் கருதுகிறேன்.

எனினும் இதுவரையில் பிளவு இல்லை. வசனங்களைப் பொறுமையோடு வாசிப்பவர் வியப்படைவர்: பாப்பரசர் வேண்டாம் என்று அவற்றில் இல்லை, உத்தரிப்பு ஸ்தலம் இல்லையென்று இல்லை, பலனையே முற்றாக மறுக்கவுமில்லை. விற்பவரின் அட்டகாசத்தைப் பாப்பரசர் அறிந்தால் வெறுப்பார் என்ற தொனியே கேட்கிறது. பிளவு நேர்ந்த இடம் எதுவென்று என்னைக் கேட்டால், 1519ஆம் ஆண்டு யூலை மாதம், லைப்சிக் மாளிகை மண்டபம் என்பேன். அங்கு லூதரை எதிர்த்து வாதிட்டவர் யோகான் எக் என்னும் பேராசிரியர். கூர்மையான மதி, பேரழிவான நினைவாற்றல். அவர் பலனைப் பற்றிப் பேசாமல், அதிகாரத்தைப் பற்றிப் பேசினார். நீர் சொல்வது ஜான் ஹஸ் சொன்னதல்லவா என்று வளைத்தார். ஹஸ் என்பவர் பொஹீமியா நாட்டுப் போதகர்; 1415இல் கொன்ஸ்தான்ஸ் மகாசங்கம் தீர்ப்பளித்து அவரை உயிரோடு எரித்தது. லூதர் முதலில் மறுத்தார். இடைவேளையில் போய்ச் சங்கத்தின் ஏட்டைப் படித்துவிட்டு வந்து, ஹஸ்ஸின் கூற்றுக்களிற் பல கிறிஸ்தவ நெறிக்கு ஒத்தவையே என்றார். அப்படியாயின் மகாசங்கமும் தவறக்கூடுமோ? தவறக்கூடும் என்பதே விடை. மண்டபம் அதிர்ந்தது.

எக் எதிராளியை அவருக்கே தெரியாத ஓரிடத்திற்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பாப்பரசரும் தவறலாம், சங்கமும் தவறலாம் என்றால் எஞ்சுவது வேதாகமம் ஒன்றே. அதனை வாசிப்பவர் யார், பொருள் சொல்பவர் யார் என்ற வினா அந்தக் கணத்திற் பிறந்தது. கத்தோலிக்கர் அன்றே கேட்டார்கள்: ஆளுக்கொரு பொருள் கொண்டால் என்செய்வது? இது அற்பமான கேள்வியன்று. பின்னால் நடந்தவை அதற்குச் சான்று.

அப்பால் எல்லாம் விரைவாக நடந்தன. 1520 யூன் மாதத்தில் லூதரின் 41 கூற்றுக்களைக் கண்டித்துப் பாப்பரசர் ஓலை விடுத்தார். டிசெம்பர் 10இல் விற்றன்பேர்க் நகர வாசலுக்கு வெளியே லூதர் அதனைத் தீயிலிட்டார். 1521 சனவரி 3இல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஏப்பிரில் 17, 18ஆந் திகதிகளில் வோர்ம்ஸ் நகரில், இருபத்தொரு வயதே நிரம்பிய சக்கரவர்த்தி ஐந்தாம் சார்ள்ஸின் முன் நின்றார். மேசைமேல் அவர் நூல்கள் அடுக்கியிருந்தன. இவை உம்முடையவையா, மறுத்துரைக்கிறீரா என்பன கேள்விகள். அவர் மெல்லிய குரலில் ஒருநாள் தவணை கேட்டார். இந்தத் தவணையை நம் நூல்கள் விட்டுவிடுகின்றன; எனக்கோ அவர் மேல் மதிப்பு உண்டானது இதனாலேதான். உயிர் போகுமோ என்ற அச்சமும், ஆயிரத்தைந்நூறு ஆண்டுச் சபைக்கு எதிரில் நான் ஒருவனா சரி என்ற அச்சமும் அந்த ஒருநாளில் அடங்கியிருந்தன. மறுநாள், வேதாகமத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னைத் தெருட்டினாலன்றி மறுத்துரைக்க இயலாது, மனச்சாட்சிக்கு மாறாக நடத்தல் ஆகாது என்ற கருத்துப்படப் பேசினார். நிற்குமிடம் பற்றி அவர் கூறியதாக உலகமே அறிந்த அந்தச் சிறு வாக்கியம் சபைக் குறிப்புகளில் இல்லை. விற்றன்பேர்க்கில் அச்சான பதிப்பிற் காணப்படுவது. சம்மட்டிபோல இதுவும் பின்வந்தோர் சூட்டிய அணியாக இருக்கலாம்.

ஊர் திரும்பும் வழியில் பிரெடறிக் அரசரின் ஆட்களே அவரைக் கடத்துவதுபோற் கடத்தி, வார்ட்பேர்க் கோட்டையில் ஒளித்துவைத்தார்கள். தாடி வளர்த்து, ஒரு வீரனின் வேடம் தரித்து, வேறு பெயருடன் அங்கு வாழ்ந்தவர், ஏறக்குறைய பதினொரு வாரங்களிற் புதிய ஏற்பாடு முழுவதையும் கிரேக்கத்திலிருந்து ஜேர்மன் மொழியில் ஆக்கிமுடித்தார். 1522 செப்ரெம்பரில் 3,000 பிரதிகள் அளவில் அச்சாயிற்று. டிசெம்பரிலேயே மறுபதிப்பு வேண்டியிருந்தது.

லூதருக்கு முன் ஜேர்மன் மொழியில் வேதாகமமே இல்லையென்று சொல்வது எனது பொய்களில் மற்றொன்று. 1466 முதல் பதினெட்டுப் பதிப்புகள் அச்சாகியிருந்தன. ஆனால் அவை இலத்தீனிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை, உயிரற்ற வசனம். லூதரோ வீட்டிலிருக்கும் தாயிடமும் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும் சந்தையில் நிற்கும் பாமரனிடமும் கேட்டு, அவர்கள் வாய் பேசுகிறபடி எழுதவேண்டும் என்றார். வெளிப்படுத்தின விசேஷத்திலுள்ள இரத்தினங்களின் பெயரை அறிய அரசரின் திருமணிகளைப் பார்க்க விரும்பினார். பலியிடும் ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கு ஊர்வழக்குப் பெயர்களை அறிய, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரைக்கொண்டு ஆடுகளை அறுத்துக் காட்டச் செய்தார் என்று அவர் மாணாக்கர் ஒருவர் குறித்திருக்கிறார். பின்பு பழைய ஏற்பாட்டில் யோபுவின் சரித்திரத்துக்கு வந்தபோது, மூன்று பண்டிதர்கள் கூடியிருந்து நான்கு நாட்களில் மூன்று வரிகளைத்தானும் முடிக்க இயலாமற் பட்ட பாட்டை அவரே சொல்லியிருக்கிறார். முழு வேதாகமம் 1534இல் வெளிவந்தது.

குறையும் சொல்லவேண்டும். உரோமருக்கு எழுதிய நிருபத்தில், விசுவாசத்தினால் மனிதன் நீதிமானாகிறான் என்னுமிடத்தில், மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' என்ற பொருள்படும் சொல்லொன்றைச் சேர்த்தார். எதிரிகள் பாய்ந்தார்கள். ஜேர்மன் மொழியின் இயல்பு அதை வேண்டுகிறது என்று 1530இல் ஒரு திறந்த கடிதத்தில் விடை இறுத்தார். மொழியின் இயல்போ, ஆசிரியரின் கொள்கையோ? இரண்டும் என்றே நினைக்கிறேன். எதிரிகளுள் எம்சர் என்பவர் லூதரின் பெயர்ப்பில் நூற்றுக்கணக்கான பிழைகளைக் கண்டதாக எழுதிவிட்டு, 1527இல் கத்தோலிக்கருக்கென ஒரு பெயர்ப்பு வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லூதரின் வசனமே! இரு கட்சியாரும் ஒரே மனிதரின் தமிழில் என்று எழுத வருகிறது என் பேனை. ஒரே மனிதரின் ஜேர்மன் மொழியிற் சண்டை பிடித்தார்கள்.

லூதரை வீரராக மட்டும் வரைதல் தகாது. 1525இல் குடியானவர்கள் வேதாகமத்தையே சான்று காட்டி அடிமைத்தளை நீங்கவேண்டினர். முதலிற் பிரபுக்களையும் கண்டித்த லூதர், கலகம் மூண்டபின் அவர்களை வெட்டிச் சாய்க்குமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். பல பதினாயிரம் பேர் மாண்டார்கள். 1543இல் யூதரின் ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதியதை எந்தக் காலவழக்கமும் மன்னிக்கமாட்டாது. தாயிடமும் பிள்ளையிடமும் சொல் கேட்கத் தெரிந்த அதே மனிதர்.

மூன்றாவது சொல் வழக்கு 1529 ஒக்டோபரில், மார்பேர்க் நகரில். சூரிக் நகரத்துச் சுவிங்ளியும் லூதரும் ஒன்றுபடுவதற்காகக் கூடினார்கள். பதினைந்து விடயங்களிற் பதினான்கில் இணக்கம் கண்டனர். பதினைந்தாவது, இராப்போசனத்தின்போது கிறிஸ்து அப்பத்தைக் காட்டிக் கூறிய வாக்கியம். அதிலுள்ள பயனிலைக்கு 'ஆகும்' என்று பொருளா, 'குறிக்கும்' என்று பொருளா? லூதர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் அந்த இலத்தீன் வாக்கியத்தை எழுதிவைத்துக்கொண்டு, ஓரெழுத்தும் விலகமாட்டேன் என்று இருந்துவிட்டாராம். எக் எழுப்பிய வினா பத்தே ஆண்டுகளில் வீடு தேடி வந்துவிட்டது. 'புரட்டஸ்தாந்து' என்ற பெயர் பிறந்ததும் அதே ஆண்டு ஏப்பிரிலில். ஸ்பையர் நகரப் பேரவையில், மதமாற்றங்களைத் தடுத்த பெரும்பான்மைத் தீர்மானத்தை ஆட்சேபித்து ஆறு சிற்றரசர்களும் பதினான்கு நகரங்களும் கையொப்பமிட்டனர். ஆட்சேபித்தோர் என்பதே பெயரின் பொருள்.

உரோமாபுரி கேளாச்செவியாகவே இருந்ததென்பதும் சரியன்று. 1545 முதல் 1563 வரை இடையிட்டுக் கூடிய திரெந்து மகாசங்கம் பலனை விற்கும் உத்தியோகத்தையே ஒழித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒழித்திருந்தால் என்று எண்ணத் தோன்றும். லூதர் அதனைக் காணவில்லை. 1546இல், பிறந்த ஊரிலேயே இறந்தார். 1999 ஒக்டோபர் 31இல் ஓக்ஸ்பேர்க்கில் இரு சபையாரும், நீதிமானாகுதல் பற்றிய அடிப்படைகளில் உடன்பாடு கண்டதாகக் கையொப்பமிட்டார்கள்.

இப்பிளவு நமது கரைக்கும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசவ் வாஸ் முனிவர் வேடம் மாறியே ஊருக்குள் நுழையவேண்டியிருந்தது. லூதர் சபையாரான சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும், பேர்சிவல் பாதிரியாருடன் நமது ஆறுமுக நாவலர் இருந்து உழைத்த வேதாகமம் 1850இல் வெளியானதும் இலக்கிய வட்டாரம் அறிந்தவை. ஐரோப்பாவிற் சொல்லினாற் பிளந்த சபை, தமிழிற் சொற்களையும் பிளந்துவிட்டது. ஒருவருக்கு இராயப்பர், மற்றவருக்குப் பேதுரு. ஒருவருக்கு அருளப்பர், மற்றவருக்கு யோவான்.

அவ்வாண்டு தவணைச் சோதனையில் லூதரைப் பற்றி ஒரு வினா கொடுத்திருந்தேன். பின்வாங்கு மாணவன் நன்றாகவே எழுதியிருந்தான். "சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்தே லூதர் தமது கொள்கையை அடைந்தார்" என்று ஒரு வாக்கியம். எனக்குத் தெரிந்த பாடநூலில் அந்த அப்போஸ்தலர் பவுல். சின்னப்பரும் பவுலும் ஒருவரே என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெயரைச் சிவப்பு மையாற் கீறி, மேலே 'பவுல்' என்று எழுதி, ஒரு புள்ளியைக் குறைத்தேன். தாளை வாங்கிப் பார்த்தவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மடித்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டு போய் இருந்தான்.